மெல்பர்ன் தம்பி சொன்னதும் மன்னார்குடி மனுவும்

மன்னார்குடி பக்கத்துலேந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அங்கன்வாடில வேலை, வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுறார். மகனுக்கு 17 வயசு, அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம்னு சர்டிபிகேட் இருக்கு, மாசா மாசம் பராமரிப்பு உதவித்தொகை வந்துக்கிட்டிருக்கு. அவங்க கூடப்பொறந்த தம்பி மெல்பர்ன்ல பி.ஆர். வாங்கி செட்டில் ஆனவரு, அவரு பொண்ணுக்கு 6 வயசு, ஆட்டிசம், அந்த நாட்டு என்.டி.ஐ.எஸ். ஸ்கீம்ல, அதாவது தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்துல, தெரபி போயிக்கிட்டிருக்கு. தம்பி போன்ல "அக்கா, இங்க ஸ்கீமை வெட்டுறாங்க, பாப்பாவை வெளிய தள்ளிடுவாங்க போல, மாற்றுத்திறனாளி அமைப்பெல்லாம் கத்திக்கிட்டு இருக்கு, நீங்க அங்க இதே மாதிரி வேணும்னு கொடி புடிக்காதீங்க, கடைசில இப்படித்தான் ஆகும்"னு சொல்லியிருக்கார். இங்க என்னடான்னா இவங்க பெற்றோர் சங்கத்துல கலெக்டர் ஆபீஸ்ல குடுக்க ஒரு மனு தயாராவுது, பாதி பேரு ஆந்திரா மாதிரி தொகையை ஏத்தச் சொல்லி மட்டும் எழுது போதும்ங்கறாங்க, பாதி பேரு ஆஸ்திரேலியா மாதிரி பெரிய திட்டமாவே கேட்டுடுவோம்ங்கறாங்க. அக்கா கேக்குறது இதுதான்: அங்க நெசமாவே என்ன நடக்குது, அந்த அமைப்புங்க திருத்தமே வேணாம்னு சொல்லுதா, நாங்க மனுல என்ன எழுதறது, மகனுக்கு 18 ஆவப்போவுதே அதுக்கு என்ன செய்யணும்.

அக்கா, வணக்கம். தம்பி சொன்னதுல பாதி சரி, மீதி பாதி புள்ளையைப் பெத்தவனோட பயம், அந்தப் பயத்தை நான் கொறை சொல்லமாட்டேன். ஆனா "அமைப்பெல்லாம் எதிர்க்குது, அதனால ஸ்கீமே தப்பு"ன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா அது ரொம்பப் பெரிய தப்பா போயிடும், ஏன்னா அந்த ஸ்கீமைப் போராடி வாங்குனதே அந்த அமைப்புங்கதான்.

முன்னாடி அங்கயும் நம்ம மாதிரிதான் இருந்துச்சு, ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமா குடுக்கும், காசு இருந்தா உண்டு, இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்டு. 2011-ல அவங்க உற்பத்தித்திறன் ஆணையம்னு ஒன்னு இதை ஆராய்ஞ்சு, இது ஓட்டை விழுந்த ஏற்பாடு, தேசிய அளவுல ஒரு காப்பீடு மாதிரி மாத்துங்கன்னு ரிப்போர்ட் குடுத்துச்சு. அதே சமயத்துல மாற்றுத்திறனாளிங்க, பெத்தவங்க, பராமரிக்கிறவங்க எல்லாம் ஒன்னு சேந்து "எவ்ரி ஆஸ்திரேலியன் கவுன்ட்ஸ்"னு பெரிய இயக்கம் நடத்துனாங்க. 2013-ல சட்டம் வந்துச்சு, அந்த வருஷம் ஜூலைல சோதனையா சில இடத்துல ஆரம்பிச்சு அப்புறம் நாடு பூரா விரிஞ்சுது. இதுக்காகவே மெடிகேர்ங்கற மருத்துவ வரியை ஒன்றரை சதவீதத்துலேந்து ரெண்டு சதவீதமா ஏத்துனாங்க, ஜனங்களும் பெருசா முணுமுணுக்கல. 65 வயசுக்குள்ள சேரணும், குடும்ப வருமானம் பார்க்கறது கெடையாது, பணம் நிறுவனத்துக்குப் போகாம அந்த ஆளு பேருல ஒரு பிளானா போடுவாங்க, அதை வச்சு யாரை வேலைக்கு வச்சுக்கறது எந்த தெரபிஸ்ட்கிட்ட போறதுன்னு அவரே முடிவு பண்ணிக்கலாம். பென்ஷன் அங்க தனி, இது உதவிக்கான காசு. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க, உங்க மனுவுக்கு இது தேவைப்படும்.

இப்ப 7 லட்சம் பேருக்கு மேல அதுல இருக்காங்க, வருஷத்துக்கு 4,500 கோடி டாலருக்கு மேல செலவு, மொத்த ஜனத்தொகையே 2 கோடியே 70 லட்சம் சுமார்தான்ங்கற நாட்டுல. அரசாங்கம் பயந்துடுச்சு. 2023 ஏப்ரல்ல செலவு வளர்ற வேகத்தை 2026 ஜூலைக்குள்ள வருஷத்துக்கு 8 சதவீதத்துக்குள்ள கொண்டாந்துடணும்னு முடிவு பண்ணுனாங்க. அதே 2023 டிசம்பர்ல ப்ரூஸ் போனிஹேடி, லிசா பால்னு ரெண்டு பேரு தலைமையில நடந்த ஸ்கீம் மறுஆய்வோட ரிப்போர்ட்டு வெளிய வந்துச்சு, 26 பரிந்துரை. 2024-ல திருத்தச் சட்டம். 2025 ஆகஸ்ட்ல அமைச்சர் மார்க் பட்லர், 8 வயசு வரைக்கும் உள்ள, வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ இருந்து லேசான இல்ல நடுத்தர அளவு உதவி மட்டும் தேவைப்படுற குழந்தைங்களுக்கு "த்ரைவிங் கிட்ஸ்"னு தனி திட்டம், என்.டி.ஐ.எஸ்.க்கு வெளியன்னு அறிவிச்சார். தம்பி பயப்படறது இதைத்தான்.

இப்ப அமைப்புங்க என்ன சொல்லுதுன்னு வருவோம். ஒரு விஷயம் முதல்ல, பேப்பர்ல "மாற்றுத்திறனாளி துறை எதிர்ப்பு"ன்னு ஒரே வரில போட்டுடுவாங்க, அதுக்குள்ள மூணு வகை ஆளு இருக்காங்க. மாற்றுத்திறனாளிங்களே நடத்துற அமைப்பு, உதாரணத்துக்கு பீப்பிள் வித் டிஸெபிலிட்டி ஆஸ்திரேலியா. அப்புறம் பெத்தவங்க, குடும்பத்துக்காரங்க. அப்புறம் சேவை குடுத்து காசு வாங்குற நிறுவனங்க, அவங்களுக்கும் ஒரு சங்கம் உண்டு, நேஷனல் டிஸெபிலிட்டி சர்வீசஸ்னு. ரேட்டு பத்தலங்கறது மூணாவது ஆளோட கவலை. என் வாழ்க்கைல நீ எப்படி முடிவெடுக்கலாம்ங்கறது முதல் ஆளோட கவலை. பெத்தவங்க ரெண்டுக்கும் நடுவுல. யாரு பேசுறாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் என்ன பேசுறாங்கன்னு கேக்கணும். நம்ம ஊர்லயும் அதேதான், மேடைல மைக் புடிச்சு "இவங்களுக்காக"ன்னு பேசுறவங்கள்ல பாதி பேரு ஹோம் நடத்துறவங்க, தப்பு சொல்லல, ஆனா அவங்க தேவை வேற உங்க புள்ள தேவை வேற.

அந்த முதல் வகை அமைப்புங்க, திருத்தமே வேணாம்னு சொல்லல. அவங்களே பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கறது, ஸ்கீம்ல சேர்றதே ஒரு சித்திரவதையா இருக்கு, ஒவ்வொரு தடவையும் போய் எனக்கு இன்னமும் கால் வரலைன்னு நிரூபிக்க வேண்டியிருக்கு, அதிகாரிக்கு அதிகாரி முடிவு மாறுது, என்.டி.ஐ.எஸ்.னு சொன்னாலே அதே சாமானுக்கு ரெண்டு மடங்கு வெலை போடுறான், இதையெல்லாம் சரி பண்ணுங்கன்னுதான். மோசடி பண்ற கம்பெனியைப் புடிங்கன்னும் அவங்கதான் சொல்றாங்க, ஏன்னா திருடு போறது அவங்க காசு. அவங்களுக்கு எரியறது என்னன்னா, கம்பெனிக்காரன் அடிச்ச கொள்ளையைக் காட்டி, ஸ்கீமை நம்பி இருக்கறவங்களை என்னமோ நாட்டுக்கே பாரம் மாதிரி பேசுறாங்களேங்கறதுதான். செலவு, செலவுன்னு தலைப்புச் செய்தி. ஒருத்தி குளிக்கறதுக்கும் வேலைக்குப் போறதுக்கும் அந்தக் காசு எப்படி உதவுச்சுங்கறது கடைசிப் பக்கத்துல கூட வராது.

அவங்க சண்டைல முக்கியமானது ஒன்னு இருக்கு, இதை நம்ம டெல்டாக்காரங்களுக்குச் சொன்னா டக்குனு புரியும். பெரிய ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னு சொல்லிட்டு பக்கத்து வாய்க்காலெல்லாம் தூர் வாராம விட்டா என்ன ஆகும், கடைமடைக்காரன் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கே வந்து நிப்பான். அங்க அதுதான் நடந்துச்சு. என்.டி.ஐ.எஸ். வந்ததும் மாநிலங்க தாங்க நடத்திக்கிட்டு இருந்த சின்னச் சின்ன சேவையை எல்லாம் இழுத்துப் பூட்டிடுச்சு, பள்ளிக்கூடத்துலயும் ஆஸ்பத்திரிலயும் கெடைச்ச உதவி வத்திப்போச்சு, அப்ப லேசான தாமதம் உள்ள குழந்தையோட அம்மா எங்க போவா, ஸ்கீமுக்குத்தான் வருவா. அங்க 6 வயசு புள்ளைங்கள்ல பத்துக்கு ஒன்னு ஸ்கீம்ல இருக்குன்னு அமைச்சரே சொன்னார். அது ஜனங்க பேராசை இல்ல, வேற வழி இல்லாம போனது. அதனால மறுஆய்வுக் குழு, ஸ்கீமுக்கு வெளிய அடிப்படை உதவிங்களை மத்திய அரசும் மாநிலமும் பாதிப் பாதி செலவு போட்டுக் கட்டணும்னு சொல்லுச்சு. அமைப்புங்களும் இதுக்கு சரின்னுச்சு. ஆனா 2025 ஜூலைல ஆரம்பிக்க வேண்டியது, யாரு எவ்வளவு போடறதுன்னு பேரம் பேசிப் பேசியே அப்ப ஆரம்பிக்கல. அதனாலதான் கத்துறாங்க: புதுசைக் கட்டி முடிச்சுட்டு பழசுலேந்து ஆளை மாத்து, கட்டாம மாத்தாத. த்ரைவிங் கிட்ஸ் விஷயத்துல கோவம் கூடுனதுக்கு இன்னொரு காரணம், பல அமைப்புங்களுக்கு அது மேடைல அறிவிச்சப்பதான் தெரிஞ்சுது, முன்கூட்டி யாரும் உக்காந்து பேசல.

"எங்களை விட்டுட்டு எங்களைப் பத்தி எதுவும் முடிவு பண்ணாதே"ங்கறது உலகம் பூரா மாற்றுத்திறனாளி இயக்கத்தோட கோஷம், அது வெறும் கோஷம் இல்லங்கறதுக்கு அங்கயே உதாரணம் இருக்கு. 2021-ல அரசாங்கம், இனிமே அரசாங்கம் அமர்த்துற ஆளுங்கதான் வந்து உன்னை மதிப்பிடுவாங்க, உன் டாக்டர் ரிப்போர்ட்டு பத்தாதுன்னு ஒரு ஏற்பாடு கொண்டாரப் பார்த்துச்சு, ஒரு மனுசனோட வாழ்க்கையை சில மணி நேரத்துல முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளு அளந்துட முடியுமான்னு எல்லா அமைப்பும் ஒன்னா நின்னு அதை அந்த ஜூலைலயே கைவிட வச்சுது. 2022-ல ஸ்கீமை நடத்துற ஏஜென்சியோட போர்டு தலைவரா கர்ட் ஃபியர்ன்லியைப் போட்டாங்க, வீல்சேர் ரேஸ்ல பாராலிம்பிக் தங்கம் வாங்குனவரு, அந்த நாற்காலில ஒரு மாற்றுத்திறனாளி உக்காந்தது அதுதான் முதல் தடவை. 2024-ல இன்னொன்னு. ஸ்கீம் காசுல எதை வாங்கலாம் எதை வாங்கக்கூடாதுன்னு லிஸ்ட்டு போட்டாங்க, முதல் வரைவுல மாதவிடாய் பொருள் வாங்கக்கூடாதுன்னு இருந்துச்சு. சாதாரணப் பொண்ணுக்கு அது வீட்டுச் செலவு, ஆனா கை வராத பொண்ணுக்கு, சொல்லத் தெரியாத பொண்ணுக்கு அது எப்படிப்பட்ட செலவுன்னு அந்த லிஸ்ட்டு போட்ட ரூம்ல யாருக்கும் தெரியல. பொண்ணுங்க எழுந்து கேட்டாங்க, மாத்துனாங்க.

மதிப்பீடு பிரச்சினை இன்னும் தீரல. 2024 சட்டப்படி, இனிமே ஒவ்வொருத்தருக்கும் தேவை மதிப்பீடு ஒன்னு நடத்தி அதை வச்சு மொத்தமா பட்ஜெட் போடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கேள்வி கேப்பீங்க, யாரு கேப்பா, என் டாக்டர் எழுதுனதைப் பார்ப்பீங்களா, முடிவு தப்பா இருந்தா எங்க போய் அப்பீல் பண்றதுங்கறதெல்லாம் ரூல்ஸ் எழுதறப்ப பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க, சட்டம் முதல்ல ரூல்ஸ் பின்னாடின்னா பயம் வராம என்ன வரும். இன்னொரு தகராறு, சேவை குடுக்கற எல்லாரும் பதிவு பண்ணணும்ங்கறது. தப்பானவங்களை வடிகட்ட அது நல்லதுதானேன்னு நமக்குத் தோணும், ஆனா பக்கத்து வீட்டுப் பொண்ணையே உதவியாளரா வச்சு தன் இஷ்டப்படி வாழ்றவங்க, பதிவுங்கற பேருல பழையபடி பெரிய கம்பெனிகிட்டயே தள்ளிடுவீங்களான்னு கேக்குறாங்க. இதுல அமைப்புங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கெடையாது, கொடுமைக்கு ஆளானவங்க பக்கம் நின்னு பேசுறவங்க கட்டுப்பாடு கூடட்டும்ங்கறாங்க. எனக்குக் கேட்டா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஒரேடியா ஒரு பக்கம் சாய முடியல.

தம்பிகிட்ட சொல்லுங்க, பாப்பாவை நாளைக்கே தூக்கி வெளிய போட்டுட மாட்டாங்க. ஏற்கெனவே உள்ள இருக்கற புள்ளைங்க இருப்பாங்க, ஆனா வழக்கமான மறுமதிப்பீடு உண்டுன்னுதான் அமைச்சர் சொன்னார். அதனால அவரு செய்ய வேண்டியது, தெரபிஸ்ட் ரிப்போர்ட்டு ஒன்னு விடாம வாங்கி வைக்கறது, அதுல பாப்பாவுக்கு என்ன வருதுன்னு மட்டும் எழுதாம அன்றாடம் யாரு உதவி இல்லாம எது முடியலைன்னு எழுதச் சொல்றது. நம்ம ஆளுங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, வெளி ஆளு வந்து கேட்டா புள்ளையை விட்டுக்குடுக்காம "எல்லாம் நல்லாத்தான் பண்ணுவா"ன்னு பெருமையா சொல்லுவாங்க, மதிப்பீட்டுக்கு வர்றவங்க முன்னாடி அது வேலைக்கு ஆகாது. அங்க தமிழ்க் குடும்பங்க நெறைய பேரு கூச்சத்துல அமைப்புங்க பக்கமே போறதில்ல, போகச் சொல்லுங்க.

சரி, உங்க மனுவுக்கு வருவோம். உங்க சங்கத்துல நடக்கற சண்டை, காசா திட்டமான்னு, அந்தச் சண்டையே வேணாம்ங்கறது என் கருத்து. ரெண்டும் வேற வேற சாமான். காசு அரிசிக்கு, திட்டம் ஆள் துணைக்கு. ஆஸ்திரேலியால பென்ஷன் தனி உதவி தனின்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

முதல்ல காசு. இதைக் கேக்கறதுக்கு யாரும் கூச்சப்பட வேணாம். மத்திய அரசோட இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2009-ல வந்துச்சு, 2012-லேந்து மாசம் 300 ரூபாயிலயே நிக்குது, அதுவும் 80 சதவீதத்துக்கு மேல பாதிப்பு இருக்கணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும். தமிழ்நாடு தன் காசைப் போட்டு 2023-ல மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை ஆயிரத்துலேந்து 1,500 ஆக்குச்சு, உங்க மகன் வாங்குற பராமரிப்பு உதவித்தொகை அதுலேந்து வேற, அது 2,000. அந்த 1,500-ஐ பெருசா கொண்டாடுனாங்க. ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 24-ம் பிரிவை எடுத்துப் பாருங்க, மத்தவங்களுக்குக் குடுக்கற அதே மாதிரி உதவியை விட மாற்றுத்திறனாளிக்குக் குறைஞ்சது 25 சதவீதம் கூடக் குடுக்கணும்னு இருக்கு. அதே 2023-ல முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆச்சு. 1,200-க்கு 25 சதவீதம் கூட்டிப்பாருங்க, சரியா 1,500. அதாவது சட்டம் போட்ட அடிக்கோட்டுல வந்து நின்னிருக்கு, அதுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது. மனுல இந்தக் கணக்கை எழுதுங்க. ஆந்திராவுல 2024 ஜூலைலேந்து 3,000-ஐ 6,000 ஆக்கி, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு 15,000 குடுக்கறாங்க, நம்ம மாநிலத்துல அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் அதைக் காட்டித்தான் போராடிக்கிட்டு இருக்கு. நீங்களும் கேளுங்க, தனியா கேக்காம அவங்களோட சேந்து கேளுங்க, ஏன்னா தொகையை ஏத்தறது கலெக்டர் கைல இல்ல, கோட்டைல இருக்கு.

அப்ப கலெக்டர்கிட்ட என்ன கேக்கறது? அவரு கையில இருக்கறதைக் கேளுங்க. உங்க கடிதத்துலயே நீங்க போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, வட்டார வள மையத்துல வாரத்துக்கு ஒரு நாள் பிசியோ வருவாங்க, ஸ்பெஷல் டீச்சர் வீட்டுக்கு வருவாங்க, 18 ஆனா அதெல்லாம் நின்னுடும்னு. அக்கா, உங்க மனுவோட உயிரே அந்த வரிலதான் இருக்கு. 18 வயசு வரைக்கும் பள்ளிக்கல்வித் துறை பார்க்குது, அதுக்கப்புறம் அந்தப் புள்ள காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் எங்க இருக்கும், நீங்க அங்கன்வாடிக்குப் போனப்புறம் யாரு பார்த்துக்குவா, இந்தக் கேள்விக்கு எந்தத் துறைகிட்டயும் பதில் இல்ல. நடவு நேரத்துல வயசுக்கு வந்த புள்ளையைத் திண்ணைத் தூண்ல கட்டிப்போட்டுட்டு வயலுக்குப் போன அம்மாக்களை இந்த வேலைல இருக்கற எங்களுக்கு நல்லாவே தெரியும், கொடூரமானவங்க இல்ல அவங்க, கூலி போனா சோறு இல்ல. அவங்களுக்கு 2,000 ரூபாயை 6,000 ஆக்குனா நல்லதுதான், ஆனா அப்பவும் பகல்ல பார்த்துக்க ஒரு எடம் இருக்காது. ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம், போய்வர வண்டியோட, அதுவும் குறுவை நடவு, சம்பா அறுவடை மாதிரி வேலை நெருக்கற மாசத்துல நேரம் கூட்டித் திறந்து வைக்கற மாதிரி. இதைக் கேளுங்க. உலக வங்கிக் கடன்ல நடக்குற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துல "விழுதுகள்"னு சேவை மையங்க தொறக்கறாங்க, எல்லா தெரபியும் ஒரே எடத்துலங்கறது நல்ல யோசனை, ஆனா முத்துப்பேட்டைக்கு உள்ள இருக்கற கிராமத்துலேந்து ரெண்டு பஸ் மாறி புள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றவங்களுக்கு அது எட்டுமா, எட்டலன்னா வண்டி எங்க வரும்னு எழுத்துல கேளுங்க.

இன்னொன்னு, ரோடு. சிரிக்காதீங்க. ஸ்கூட்டர் குடுக்கறாங்க, பேட்டரி வீல்சேர் குடுக்கறாங்க, விழா நடத்தி போட்டோ எடுக்கறாங்க, கார்த்திகை மழைல நம்ம களிமண் தெருவுல அந்த வண்டி அச்சு வரைக்கும் பொதைஞ்சுடும். கஜா வந்தப்ப வேதாரண்யம் பக்கம் சர்டிபிகேட்டே தண்ணியோட போன குடும்பங்க உண்டு. புயல் மழைன்னா மாற்றுத்திறனாளி இருக்கற வீட்டு லிஸ்ட்டு வி.ஏ.ஓ.கிட்ட இருக்கணும், முகாமுக்கு முதல்ல அவங்களைத்தான் கொண்டுபோகணும், கழிப்பறை அவங்க போற மாதிரி இருக்கணும். இதுக்கெல்லாம் அரசாணை வரணும்னு காத்திருக்க வேணாம், மாவட்ட நிர்வாகமே செய்யலாம்.

அப்புறம் அங்க நடக்கற சண்டைலேந்து நாம எடுத்துக்க வேண்டியது, மதிப்பீடு. நம்ம ஊர்ல உங்க மகனை அளக்கறது ஒரு சதவீத நம்பர். 40-க்கு மேலன்னா உண்டு, கீழன்னா இல்ல. அந்த நம்பர் அவனுக்கு எவ்வளவு உதவி வேணும்னு சொல்லாது. ஒரே 75 சதவீதத்துல ஒரு பையன் தனியா கடைக்குப் போயி பால் வாங்கியாருவான், இன்னொருத்தனை ஒரு நிமிஷம் தனியா விட முடியாது. உரிமைகள் சட்டத்துலயே 38-ம் பிரிவுல உயர் ஆதரவு தேவைப்படறவங்களுக்குத் தனி மதிப்பீடு, தனி உதவின்னு இருக்கு, நம்ம மாவட்டத்துல எத்தனை பேருக்கு அந்த மதிப்பீடு நடந்துச்சுன்னு கேளுங்க, உதவியாளர் படியும் அதோட சேத்துக் கேளுங்க. ஆனா அந்த மதிப்பீடு வந்தாலும் அதை வீட்டுல வந்து பார்க்கணும், அம்மாகிட்டயும் புள்ளைகிட்டயும் பேசணும், கேம்ப்ல வரிசைல நிக்க வச்சு அஞ்சு நிமிஷத்துல முடிக்கக்கூடாதுன்னும் எழுதிடுங்க. சதவீதம் குறைச்சுப் போட்டுட்டாங்கன்னு உங்க சங்கத்துல யாராவது பொலம்புனா, 59-ம் பிரிவுல அப்பீல் இருக்குன்னு சொல்லுங்க, நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

யாரு மனு குடுக்கறது? பெற்றோர் சங்கம்னா பெத்தவங்க மட்டுந்தானா? கோவிச்சுக்காதீங்க அக்கா, உங்க மூணு பக்கக் கடிதத்துல மகனுக்கு என்ன புடிக்கும், அவன் என்ன கேக்கறான்னு ஒரு வரி இல்ல. அறிவுசார் குறைபாடுன்னா ஆசை இல்லன்னு அர்த்தம் இல்லையே. காலைல எங்க போகப் புடிக்கும், யாரு கூட இருக்கப் புடிக்கும், எதைப் பார்த்தா பயம், இதெல்லாம் அவன் தன் பாணில சொல்லுவான், போட்டோ காட்டிக் கேட்டா இன்னும் தெளிவா சொல்லுவான். அதையும் மனுல அவன் பேருலயே ஒரு பத்தியா போடுங்க. 2025-ல தமிழ்நாட்டுல உள்ளாட்சி அமைப்புங்கள்ல மாற்றுத்திறனாளிங்களை நியமன உறுப்பினரா போட சட்டம் திருத்தியிருக்காங்க, ஊராட்சி வரைக்கும். உங்க ஊராட்சில அந்த எடத்துக்கு யாரு வர்றாங்கன்னு விசாரிங்க, யாரோ ஒரு கட்சிக்காரருக்குச் சொந்தக்காரருன்னு போட்டுட்டுப் போகாம, நம்ம புள்ளைங்க பிரச்சினை தெரிஞ்சவங்க வரணும்னு சங்கம் பேசணும்.

18 வயசு விஷயம். சர்டிபிகேட்டையும் யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க, தற்காலிகம்னு இருந்தா பொறந்த நாளுக்கு முன்னாடியே மெடிக்கல் போர்டுக்கு நேரம் வாங்கிடுங்க, காலாவதி ஆயிட்டா உதவித்தொகை நின்னுடும், திரும்ப ஓட வைக்க மாசக்கணக்குல அலையணும். 18 ஆனா சட்டப்படி அவன் மேஜர், நீங்க அம்மாவா இருந்தாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடற உரிமை தானா வராது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு இருக்கறவங்களுக்கு கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும், பெத்தவங்களே மனு போடலாம். ஆனா எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு போட வேணாம்ங்கறது என் அபிப்பிராயம். பேங்க் கணக்கு, சொத்துன்னு நெசமான தேவை இருந்தா போடுங்க, இல்லன்னா அவன் முடிவெடுக்கறதுக்கு கூட இருந்து உதவி பண்ணுங்க, உலக அளவுல இயக்கங்க கேக்கறதும் அதுதான், இந்தியா 2007-ல ஏத்துக்கிட்ட, மாற்றுத்திறனாளி உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை சொல்றதும் அதுதான். அதே அறக்கட்டளைல நிராமயான்னு ஒரு காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், ஓ.பி. செலவு, தெரபி செலவுக்கும் உண்டு, இன்னும் சேக்கலைன்னா சேத்துடுங்க, வருஷா வருஷம் புதுப்பிக்க மறந்துடாதீங்க.

உங்களுக்கப்புறம் அவன் எங்க இருப்பான்னு கடைசி பத்தில கேட்டிருக்கீங்க. நேரா சொல்றேன், இன்னைக்கு நம்ம பக்கத்துல அதுக்கு நல்ல பதில் இல்ல, இருக்கற ஹோம்ங்க சிலது பரவாயில்ல சிலது வாசல்லயே மனசு கனத்துடும். அதனாலதான் அந்தப் பகல்நேர மையத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன், அங்க பழகுன நாலு ஆளு, நாலு குடும்பம்தான் பின்னாடி ஒரு சின்ன வீடா சேந்து இருக்கறதுக்கு வழி. சங்கத்துல ஒரே மாதிரி வயசுல உள்ள புள்ளைங்க குடும்பத்தை இப்பவே பக்கத்துல பக்கத்துல பழக விடுங்க.

மனுவை ரெண்டு பக்கத்துக்கு மேல இழுக்காதீங்க. முதல் பக்கத்துல கலெக்டரால செய்ய முடிஞ்சது, ரெண்டாம் பக்கத்துல அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டியது, தொகை உயர்வு அங்க வரட்டும். ஒரு காப்பி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு, ஒன்னு உங்க எம்.எல்.ஏ. ஆபீசுக்கு. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுக்கறப்ப மகனையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவன் கையால குடுக்கட்டும், கூட்டத்துல அவனுக்குப் பதட்டமா இருக்கும்னா வெளிய மரத்தடில உக்கார வச்சுட்டு டோக்கன் கூப்பிடறப்ப மட்டும் உள்ள அழைச்சுக்கிட்டுப் போங்க. மனு நம்பர் போட்ட ரசீது வாங்காம வந்துடாதீங்க, ஒரு மாசத்துல பதில் வரலன்னா அந்த நம்பரைப் போட்டு மறுபடி ஒரு மனு, அதுக்கும் அசையலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல அந்த 38-ம் பிரிவு கேள்வியைத் தனியாப் போடுங்க. எழுதுனதை எனக்கு அனுப்புங்க, பார்த்துத் தர்றேன்.